கேமரா வாங்கப் போன ஞாயிறு

படம் எடுக்கப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னது என் கணவரிடம்தான். சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன் என்பது சரி. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கத்தியபோதுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"படமா? இன்னா படம்?"

"ஷார்ட் ஃபிலிம்! நானே எடுக்கப் போறேன்!"

"சரி, எடு. அதுக்கு இன்னாத்துக்கு இப்டி கத்துற?"

பட்டாபிராமில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைத்து வண்டிகளுக்கான பாகமாக்குகிற இயந்திரத்தில் வேலை. காலையில் ஆரம்பித்தால் ஷிஃப்ட் முடிகிறவரை அந்த அடி நிற்காது. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆயுத பூஜைக்கு என்னை அங்கே கூட்டிப் போனார். அன்றைக்கு எல்லா மெஷினும் ஓய்வில் இருந்தன. சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, பொரி, ஊதுபத்தி. அதனால் அந்த இடத்தை நான் அமைதியான இடமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதன் சத்தம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிய வந்தது அவருடைய காதிலிருந்துதான்.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் செல்போன் அடிப்பது கேட்காமல் போனது. பிறகு டி.வி. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பிறகு எங்கள் மகள் பேசுவது. அவளுக்கு மெல்லிய குரல். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரே வாக்கியத்தை அப்பாவிடம் நாலு தடவை சொல்லிச் சலித்துப்போய், அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்க ரெண்டு பேரும் வாய்க்குள்ளயே பேசிக்கினு கீறீங்க."

நான் முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ் கவுன்டரில் இருக்கிறேன். கண்ணாடியில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதன் வழியாக நாள் முழுக்கப் பெற்றோர்களிடம் கத்திப் பேசிவிட்டு, ரயிலேறி வீட்டுக்கு வந்து மறுபடியும் கத்துவேன். அப்படிக் கத்திக் கத்தி நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட முடியாது. "கேஸ் தீந்துபோச்சு" என்று கத்தலாம். "இன்னிக்கு ரொம்ப களைப்பா இருக்கீங்களே" என்பதைக் கத்திப் பாருங்கள். சண்டைக்கு இழுப்பது போல இருக்கும். அதனால் அந்த மாதிரியானவற்றைச் சொல்வதையே எப்போதோ விட்டுவிட்டேன். விட்டது எனக்கே தெரியாது.

படம் எடுக்கும் ஆசையும் அந்தப் பள்ளியிலிருந்துதான் வந்தது. ஆண்டு விழா வீடியோக்களை வெட்டி ஒட்டித் தர ஆளில்லை என்று என்னிடம் கொடுத்தார்கள். செல்போனிலேயே செய்து கொடுத்தேன். மூன்று வருடம் அதைச் செய்ததில், ஒருவருடைய முகத்தைத் திரையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எங்கே வெட்டினால் வலிக்கும் என்பதெல்லாம் பிடிபட ஆரம்பித்தது. பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். வேனில் யாரும் இல்லாதபோது தனக்குள் பேசிக்கொண்டே சீட்டுகளைத் துடைப்பார். புலம்பலாக இருக்காது. பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்திருப்பது போல அன்றைய நாளைச் சொல்லிக்கொண்டிருப்பார். இடையில் தானே சிரித்துக்கொள்வார். அதைத்தான் படமாக்க நினைத்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஒரு பெண், மற்றவர்கள் வருவதற்கு முன் தனக்குக் கிடைக்கிற பத்து நிமிடத்தில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து தன்னோடு பேசுகிறாள். அவ்வளவுதான் கதை. அக்காவிடம் கேட்டேன். "நானா? என் மூஞ்சியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் அவரே வந்து, "எந்தப் பொடவ கட்டிகினு வரணும்?" என்று கேட்டார்.

கேமரா விஷயத்தை என் கணவர் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படம் பார்ப்பதிலேயே பெரிய ஆர்வம் இல்லாதவர். ஆனால் மெஷின் என்றால் அவருக்குத் தனி ருசி. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு யூடியூபில் உட்கார்ந்துவிடுவார். இது நல்ல கேமராவா, அது நல்ல கேமராவா என்று சத்தமாக ஓடும். கீழ் வீட்டுக்காரர்கள்கூட கேமரா நிபுணர்கள் ஆகியிருப்பார்கள். சென்சார் என்றால் என்ன, லென்ஸின் வாய் எவ்வளவு திறந்தால் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும், பழைய கேமராவில் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் கற்றுக்கொண்டார். "நம்ப பிரஸ்ஸு மாதிரிதான். எத்தினி அடி அடிச்சிகீதுன்றதுதான் அதோட வயசு" என்றார். டேப்பை எடுத்து எங்கள் சமையலறையை அளந்து ஒரு காகிதத்தில் படம் போட்டு, கேமராவை எங்கே வைக்கலாம் என்று பெருக்கல் குறி இட்டு வைத்தார். தொழிற்சாலை வரைபடம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அவருடைய கண் இருந்தது பெரிய சென்சார் கேமராவின் மேல். புதிது எங்களால் ஆகாது. செகண்ட் ஹேண்டில், இருவரும் சேர்த்து வைத்திருந்த மொத்தத்தையும் போட்டால், லென்ஸ் இல்லாமல் அதன் உடம்பு மட்டும் கிடைக்கும். "இவ்ளோ பெருசு எதுக்குங்க?" என்று கத்தினேன். "வாங்கறதே வாங்கறோம், நல்லதா வாங்கிக்க. உனக்குத்தானே" என்றார்.

வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மாலை அக்காவை வீட்டுக்கு வரவழைத்தேன். செல்போனை டப்பாக்களின் மேல் சாய்த்து வைத்து எடுத்தேன். அக்கா தரையில் உட்கார்ந்தார். முறத்தில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு, வேன் டிரைவர் பிரேக் போட்டதில் ஒரு பையனின் டிபன் பாக்ஸ் உருண்டு போனதைத் தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். படம் மோசமில்லை. ஆனால் சத்தம்! ஃபேன் சுற்றுகிறது, கீழ் வீட்டு மிக்ஸி அரைக்கிறது, ஒரு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் எங்கோ தொலைவில் அக்காவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. அந்த முணுமுணுப்புதான் என் படமே. அது இல்லை.

என் கணவர் திரையைக் கண் எடுக்காமல் பார்த்துவிட்டுச் சொன்னார். "சூப்பரா கீது. இதையே நல்ல கேமராவுல எட்த்தா எப்டி இருக்கும் பாரு."

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் ரயிலில் அம்பத்தூர் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, அவர் விசாரித்து வைத்திருந்த கடைக்குப் போனோம். ஒரு காலத்தில் கல்யாண ஸ்டுடியோவாக இருந்து, இப்போது பழைய கேமரா வாங்கி விற்கிற இடம். குறுகலான அறை. கண்ணாடி அலமாரியில் கேமராக்கள் வரிசையாக முகம் காட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரருக்கு நரைத்த தாடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி.

"வாம்மா, வா அண்ணாத்தே. கல்யாண வேலைக்கா, இல்ல யூடியூப்பா?"

"குறும்படம்" என்றேன்.

"அப்டியா? உக்காரு, உக்காரு" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். குறும்படம் என்றால் பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தும் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

என் கணவர் பரிசோதனையைத் தொடங்கினார். செல்போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். நம்முடைய ஈரக் காற்றுக்கு லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிடும் என்று எனக்கு விளக்கினார். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். "அண்ணாத்தே, நீ வாங்க வந்தியா, சர்வீஸ் பண்ண வந்தியா?" என்று கேட்டார். அது இவருக்குக் கேட்கவில்லை.

பெரிய சென்சார் கேமராவைக் கையில் எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்த குழந்தையை வாங்குகிறவர் மாதிரி உள்ளங்கையைக் குவித்து வாங்கினார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். கனமாக இருந்தது.

"எங்கம்மா எடுக்கப் போற?" என்று கடைக்காரர் கேட்டார். சமையலறையில் என்றேன். என் கணவர் சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகு நேரம் பார்த்தார்.

"இந்த ரூமுக்கு இவ்ளோ பெரிய உடம்பு வாங்கி, லென்ஸுக்குக் கையில காசில்லாம நிப்பீங்க. இதோ, இது பழசுதான், ரப்பர்லாம் தேஞ்சிகீது. ஆனா கூடவே லென்ஸு வருது, அகலமா எடுக்கும். ஜன்னல் பக்கமா ஆள உக்கார வெச்சுக்கங்க. போதும்." ஒரு சின்னக் கேமராவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "அது இருக்கட்டும், சவுண்டுக்கு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார்.

நான் ஒத்திகையில் நடந்ததைச் சொன்னேன். அவர் அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு நீளமான மைக்கை எடுத்தார். கன் மைக் என்பார்கள். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் இழுக்கும். அதை ஒரு சின்ன ரெக்கார்டரில் சொருகி, ஹெட்போனையும் மாட்டி, "கேட்டுப் பாரு அண்ணாத்தே" என்று ஜாடை காட்டி இவரிடம் நீட்டினார்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இவர் கடை வாசலுக்குப் போனார். முதுகைக் காட்டி நின்று, மைக்கைத் தெருவுக்கு நீட்டி, ரெக்கார்டரின் குமிழைத் திருகினார். அவர் தோள் லேசாக அசைந்தது. பஸ் போகிற பக்கமெல்லாம் மைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நான் கடைக்காரரிடம் சொன்னேன். மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "அவருக்குக் காது சரியா கேக்காதுங்க. அவர் நல்லாருக்குன்னு சொல்றத வெச்சு எதையும் குடுத்துடாதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மைக் என் முகத்துக்கு நேராக இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நான் கத்தாமல் பேசிய ஒன்று அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தது இதுதான். அவருக்குத் தெரியாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம், அவரைப் பற்றி நான் சொன்னது.

கடைக்காரருக்கும் புரிந்துவிட்டது. "டீ சொல்லிட்டு வரேன்" என்று எழுந்தவர், எங்களைக் கடையில் விட்டுவிட்டு வெளியே போனார்.

என் கணவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கிட்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மைக்கை என் பக்கம் பிடித்தபடியே இருந்தார்.

"இன்னொருவாட்டி பேசு" என்றார்.

"என்னங்க பேசறது?"

"இன்னா வேணா பேசு. அப்ப பேசுன மாதிரி. மெதுவா."

எனக்கு அழுகை வந்தது. "தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அத்த வுடு. நீ சொன்னது நெசந்தானே." கொஞ்ச நேரம் ரெக்கார்டரில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "நீ எம்மேல கோவமா கீறன்னு நெனச்சிகினு இருந்தேன். ரொம்ப வருசமா."

"கோவமா? எதுக்கு?"

"எதுக்குன்னு தெர்ல. எப்பப் பாத்தாலும் கத்துற. மொகம் வேற அப்டியே போவுது. படிச்ச பொண்ணு, நம்மள கட்டிகினு வந்து இன்னா சொகத்தக் கண்டாள்னு நானே நெனச்சிக்குவேன். கேக்கறதுக்கும் பயம். அதான், நீயா ஆசப்பட்டு இந்தப் படத்த எடுக்கறேன்னியே, இதுலயாவது பெருசா ஒண்ணு வாங்கிக் குட்த்துடலாம்னு பாத்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். ஹெட்போனில் அது பெரிய சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்.

"உங்களுக்குக் கேக்கலன்னு கத்தினேன். அவ்ளோதான். வேற ஒண்ணுமே இல்ல" என்றேன். அதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டது.

கடைக்காரர் மூன்று டீயோடு வந்தபோது என் கணவர் முடிவு செய்திருந்தார். பெரிய கேமராவை இரண்டு கையாலும் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். ரப்பர் தேய்ந்த சின்னக் கேமரா, அதோடு வரும் லென்ஸ், மைக், ரெக்கார்டர், ஹெட்போன். "ஹெட்போன் மட்டும் இதே வேணும். வேற தராத" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு பழைய டிரைபாடைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். அதில் ஒரு கால் இறுகாது. "நீதான் சர்வீஸ்காரராச்சே, சரி பண்ணிக்க" என்றார். இந்தத் தடவை அது என் கணவருக்குக் கேட்டது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கேமராவைத் தொட ஆளில்லை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் உள்ளே கொதிக்கிற சத்தத்தைக் கேட்டார். மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எதிர்வீட்டு சன்ஷேடில் புறா குனுகுவதைக் கேட்டார். குளியலறைக் குழாயில் பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, "இத்த ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். சொல்லியிருந்தோம். உடனே ஸ்பேனரை எடுத்து வாஷரை மாற்றினார்.

மகள் முதலில் தள்ளி நின்றே பார்த்தாள். ஒரு மாலை அவள் வரலாறு பாடத்தை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் கதவோரம் உட்கார்ந்து மைக்கை அவள் பக்கம் நீட்டினார். அவள் படிப்பதை நிறுத்தினாள். எழுந்து வந்து, மைக்கின் நுனியில் உதடு படுமளவுக்குக் குனிந்து, எதையோ சொன்னாள். அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றார். இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

படப்பிடிப்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் ஜன்னலில் வருகிற வெளிச்சம்தான் எங்கள் விளக்கு. அக்கா பச்சை நூல் புடவையில் வந்தார். நான் கேமராவுக்குப் பின்னால். மகள் ஷாட் எண்களை எழுதினாள். பெயின்ட் அடிக்கிற கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, அக்காவின் தலைக்கு மேலே, கேமராவில் தெரியாத உயரத்தில் பிடித்துக்கொண்டு என் கணவர் நின்றார். ஃபேனை நிறுத்தினோம், பிரிட்ஜை நிறுத்தினோம், ஜன்னல் கதவை ஒரு பக்கம் சாத்தினோம். வியர்வை எல்லோருக்கும் காதோரம் வழிந்தது. அவர் கை மட்டும் ஆடவில்லை. இருபது வருடம் தகடு பிடித்த கை.

இயக்குநர் நான்தான் என்று பெயர். ஆனால், "கட்" சொன்னது பெரும்பாலும் அவர்தான். "கீழ தையல் மெஷின் ஓடுது. நில்லு." "பால்காரர் வண்டி. நில்லு." அக்கா அழகாகப் பேசி முடித்த ஒரு ஷாட்டுக்குப் பிறகு, "வளையல் இடிச்சிச்சு. இன்னொருவாட்டி" என்றார். அக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம், "உன் ஊட்டுக்காரர் பொல்லாதவருமா. எம் பேச்ச இவ்ளோ கவனமா யாரும் கேட்டதில்ல" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு ஒரு தவறு நடந்தது. அன்று எடுத்த ஷாட்டுகளை இரவு சாப்பாட்டுக்கு முன் போட்டுப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் கொசு ரீங்காரம் போல ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம். சுவரில் சொருகியிருந்த ஒரு சார்ஜரிலிருந்து வந்திருக்கிறது. மகளுக்கும் எனக்கும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்த அவருக்குக் கேட்கவில்லை. குமிழை முழுக்கத் திருகியும் கேட்கவில்லை.

"எங்க? எனக்கு வர்லியே" என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். மகள் கணினித் திரையில் அந்தச் சத்தத்தின் கோட்டைக் காட்டினாள். கீச்சுச் சத்தங்களுக்கான மேல் விளிம்பில், விடாமல், நேராக ஓடியது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கோடு இருக்கிறது, சத்தம் இல்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவராகவே சொன்னார். "காது டெஸ்ட்டு எங்க எடுப்பாங்கன்னு பாத்து வை. புதன்கிழம லீவு போடறேன்."

டெஸ்ட்டுக்கு நானும் போனேன். கண்ணாடி அறைக்குள் அவர், காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்கும்போது அழுத்த வேண்டும். பரிசோதிக்கிற பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே போனார். இவர் காத்திருந்தார். பட்டனில் கட்டை விரலை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாணவன் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. முடிவைக் காகிதத்தில் கோடாகப் போட்டுத் தந்தார்கள். பாதி வரை சுமாராக வந்து, பிறகு படிக்கட்டு மாதிரி சரிந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், காது மெஷின் உதவும் என்றார்கள்.

எப்போதும் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர், அன்றைக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதில் எந்த மாடல் நல்லது, பேட்டரி எத்தனை நாள், வியர்வை பட்டால் என்ன ஆகும், கெட்டால் யார் சரி செய்வார்கள் என்று கேள்விகளாக அடுக்கினார். விலை அதிகமானதை அந்தப் பெண் எடுத்துக் காட்டியபோது, "நம்ப வேலைக்கு எது போதுமோ அத்த காட்டும்மா" என்றார். இரண்டு காதுக்கும் சாதாரணமான ஒன்றை வாங்கினோம். பிரஸ் ஷாப்பில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, காதை முழுக்க மூடும் கவசத்தை மாட்டிக்கொள்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் கிண்டல் செய்தார்களாம். இப்போது இன்னும் இருவர் மாட்டுகிறார்கள் என்றார்.

அந்தக் கீச்சுச் சத்தத்தை மகள் கணினியில் வடிகட்டி எடுத்த பிறகு, படம் பதினோரு நிமிடம் வந்தது. சில விழாக்களுக்கு அனுப்பினேன். எதிலும் எடுக்கவில்லை. அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அப்புறம் ஆவடியில் ஒரு வாசகர் வட்டத்துக்காரர்கள், மாதம் ஒருமுறை ஒரு சின்ன ஹாலில் குறும்படங்கள் போடுகிறவர்கள், கேட்டு வாங்கிப் போட்டார்கள். முப்பது பேர் இருந்திருப்பார்கள். அக்கா தன் மருமகளோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தன் முகம் திரையில் வந்ததும் குனிந்துகொண்டவர், தன் குரல் வந்ததும் நிமிர்ந்தார். டிபன் பாக்ஸ் உருண்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

முடிவில் பெயர்கள் வந்தன. ஒலிப்பதிவு என்று என் கணவரின் பெயர். மகள் கை தட்டினாள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் இல்லை.

ஹாலின் இடது மூலையில் இருந்தார். ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒயரை அசைத்துக்கொண்டிருந்தார். ஹாலைப் பார்த்துக்கொள்கிறவர் பதறிப்போய் ஓடி வந்தார். "சார், இன்னா பண்றீங்க?"

"இந்தப் பக்கம் ஸ்பீக்கர் கொரகொரன்னு கீதுப்பா. கனெக்சன் லூசு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கீதா?"

ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கவில்லை. அக்காவின் மருமகள் கைப்பையிலிருந்து ஒரு ஊக்கு எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்து அவர் திருகி முடிக்கிறவரை, அடுத்த படத்தைப் போடாமல் எல்லோரும் காத்திருந்தார்கள்.